கூப்பிடாத மனிசன்

இரும் பிள்ளை, இரும். பையை நான் மடியில வைக்கிறன். ரொறன்ரோ மட்டும் போறீரோ? நானும் அங்கதான், கண் டொக்டரிட்ட. தமிழ் எண்டு எனக்கு முதலே தெரியும். நீர் போனில கதைச்சது காதில விழுந்தது. நான் ஒட்டுக்கேக்கிற ஆள் இல்லை, உம்மட சத்தம் அப்பிடி.

ஆரோ சிநேகிதி கலியாணத்துக்குப் போனில மெசேச் அனுப்பியிருக்கிறா, நேரில வந்து கூப்பிடேல்லை, போறதோ விடுறதோ எண்டு தாயோட கதைச்சனீர், என்ன? நான் சொல்லுறன், போகாதையும்! அழையா வீட்டுக்கு நுழையாச் சம்பந்தி எண்டு சும்மாவோ சொல்லி வைச்சவை? செத்த வீட்டுக்குக் கேள்விப்பட்டுப் போகவேணும், நல்லநாளுக்குக் கூப்பிட்டுத்தான் போகவேணும். நான் செத்தாலும் இதை மாத்த மாட்டன். மாத்தாததாலதான் பக்கத்து வீட்டு மனிசனோட கடைசிவரைக்கும் மனத்தாங்கல். அந்தாள் இப்ப இல்லை. எண்டாலும் எனக்குக் கோவம் ஆறேல்லை.

கேளுமன், பஸ் போய்ச் சேர நேரம் கிடக்கு.

நாங்கள் ஹமில்ரனுக்கு எண்பத்தேழில வந்தனாங்கள். ஒட்டு வீடு. ஒரு கூரை, நடுவில ஒரு சுவர், இஞ்சால நாங்கள், அங்கால அந்தாள். மிலொராட் எண்டு பேர். சேர்பியாக்காரன். அப்பவே எழுபது வயசு மட்டில இருக்கும். கலியாணம் கட்டேல்லை, குஞ்சு குருமான் இல்லை. இரும்பு ஆலையில வேலை செய்து பென்சன் எடுத்தவர். அவருக்கு அரை இங்கிலீசு, எனக்குக் கால் இங்கிலீசு. ரெண்டையும் சேத்து முக்கால் இங்கிலீசில வேலிக்கு மேலால கதைச்சுக் கதைச்சே காலம் போட்டுது.

முதல் முதல் கதைச்சது மிளகாயாலதான். குளிர் தொடங்க முதல் பின்வளவில ஒரு தகரத்தை அடுப்பில போட்டு, மூட்டை மூட்டையாச் சிவப்புக் கறிமிளகாய் சுடுவார். மணம் எண்டால் அப்பிடி ஒரு மணம்! சரி, இந்த நாட்டில மனிசர் மாதிரிச் சமைக்கிற ஒருதரைக் கண்டிட்டன் எண்டு சந்தோசப்பட்டன். தோலை உரிச்சு, அரைச்சு, போத்தலில போட்டு எனக்கும் தந்தார். வாயில வைச்சா ஒரு துளி உறைப்பு இல்லை. சீனிச் சம்பல்! நான் நேர முகத்துக்குச் சொன்னன், "மிலொராட், இது மிளகாய்க்கே அவமானம்" எண்டு. வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். பிறகு நான் எங்கட மிளகாய்த் தூளைக் குடுத்தன். கண்ணால மூக்கால தண்ணி ஓட ஓடச் சாப்பிட்டிட்டு, "ஜெர்மன்காரனிட்ட இது இருந்திருந்தா நாங்கள் ரகசியம் எல்லாம் சொல்லியிருப்பம்" எண்டார்.

அப்பதான் தெரியும், அந்தாள் கைதியா இருந்தவர் எண்டு. இரண்டாம் உலகப் போரில. பட்டாளத்துக்குப் போன புதுப் பெடியன், ஒரு வெடி வைக்க முதலே ஜெர்மன்காரன் சுத்தி வளைச்சுப் பிடிச்சுப்போட்டான். "துவக்கு எனக்குச் சுமைதான், மங்களா. ஒருக்காலும் சுடேல்லை" எண்டு சொல்லுவார். நாலு வருசம் ஜெர்மனியில கம்பிவேலிக்குள்ள. கிழங்கு அவிச்ச தண்ணியும் பாண் துண்டும். விடியவும் பின்னேரமும் பனிக்குள்ள வரிசையில நிப்பாட்டி ஆள் எண்ணுவாங்களாம். அதாலயோ என்னவோ, அந்த மனிசன் இஞ்ச வந்து கிழவனாப் போயும் வரிசையில நிக்க மாட்டார். கடையில ரெண்டு பேர் முன்னால நிண்டாக் காணும், பால் பேணியைத் திருப்பி வைச்சிட்டு வந்திடுவார். பிறகு ஆர் பால் வாங்கிக் குடுத்தது? நான்தான்.

சண்டை முடிஞ்சு கம்பியைத் திறந்து விட்டாங்கள். ஊருக்குப் போயிருக்கலாம். போகேல்லை. ஊரில புது அரசாங்கம், இவற்ற தமையன் மற்றப் பக்கத்தில நிண்டவன், நீ வந்தா உன்னையும் கொண்டுபோவாங்கள் எண்டு ஊராக்கள் சொல்லியனுப்பினவையாம். தாயின்ர முகத்தைப் பிறகு காணேல்லை. தாய் செத்ததும் மாசக்கணக்கு கழிச்சுத்தான் தெரியுமாம். அதைச் சொல்லேக்க அந்தாள் வேலியைத்தான் பாக்கும், என்னைப் பாக்காது. எனக்கு விளங்கிச்சுது. எங்களுக்கு விளங்காதோ, பிள்ளை? நீரும் நானும் எங்க இருந்து வந்தனாங்கள்?

தொண்ணூறுகளில அங்க திருப்பியும் சண்டை. ரீவியில விடிஞ்சாப் பொழுதுபட்டா அதுதான். தெருவில இருந்த சனம் அந்தாளோட கதைக்கிறதைக் குறைச்சிட்டுது. நாப்பத்தொண்டில ஊரை விட்ட மனிசனிட்டப் போய், ஏன் உங்கட ஆக்கள் இப்பிடிச் செய்யினம் எண்டு கேட்டா அந்தாள் என்ன சொல்லும்? நான் கதைக்கிறதை விடேல்லை. ரீவி எங்களைப் பற்றியும் என்னென்ன சொன்னது எண்டு எனக்குத் தெரியும்தானே.

இப்பிடிப் பழகின மனிசன். இனிக் கேளும் விசயத்தை.

மார்கழி மாசம், நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, கொஞ்சம் முந்தி, அவைக்கு ஒரு திருநாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாமி இருக்குமாம், எங்கட குலதெய்வம் மாதிரி. இவைக்கு நிக்கலஸ் எண்ட புனிதர். ஸ்லாவா எண்டு சொல்லுவார். அண்டைக்கு முழு வீடும் மினுங்கும். பெரிய வட்டப் பாண் சுட்டு, அதில பூவெல்லாம் பிடிச்சு வைச்சிருப்பார். கோதுமை அவிச்சுச் சீனியும் வால்நட்டும் போட்டுக் குழைப்பார். மீன் பொரிப்பார். விரத நாளாம், அதால இறைச்சி இல்லையாம், மீன் மட்டுமாம். எங்கையாவது மீன் திண்டு விரதம் பிடிக்கிற சனத்தைக் கண்டனீரோ! முன் யன்னலுக்குக் கிட்ட, ஆளுயரம் இல்லை எண்டாலும் அரை ஆளுயரத்தில ஒரு மெழுகுதிரி. கோட்டுச் சூட்டுப் போட்டு, முகம் வழிச்சு, தலை இழுத்து, மாப்பிள்ளை மாதிரி நிப்பார். நிப்பார் எண்டால் நிண்டபடிதான். இருக்கமாட்டார். ஏன் இந்த மனிசன் கட்டின மாடு மாதிரி நிக்குது எண்டு நான் யோசிக்கிறனான்.

முதல் வருசங்களில அவையின்ர ஆக்கள் வந்தவை. ஆலையில கூட வேலை செய்தவை, கைதிக் காம்பில கூட இருந்தவை. பாட்டும் கூத்தும் சுவரால கேக்கும். எங்களைக் கூப்பிடேல்லை. சரி, புதுசாத்தானே வந்திருக்கிறம், அடுத்த வருசம் கூப்பிடுவார் எண்டு இவர் சொன்னார். இவர் எண்டது என்ர அவர். அடுத்த வருசமும் இல்லை. அதுக்கடுத்த வருசமும் இல்லை.

நாங்கள் எப்பிடிச் செய்தனாங்கள் தெரியுமே? மூத்தவன்ர கலியாணத்துக்கு, பக்கத்து வீடுதானே எண்டு வேலிக்கு மேலால கலியாணக் காட்டை நீட்டேல்லை. நானும் இவரும் வெளிக்கிட்டு, தட்டத்தில வெத்திலை பாக்கு வைச்சு, வாசலால போய், மணி அடிச்சு, முறையாக் கூப்பிட்டனாங்கள். அந்தாள் தட்டத்தைப் பாத்து முழிச்சார். ஆனா வந்தார். முன் கதிரையில இருந்து, வாழையிலையில கையால சாப்பிட்டு, ஒரு வடையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டும் போனார்.

தொண்ணூற்றைஞ்சில இவர் மோசம் போனார். மார்படைப்பு. நாங்கள் சொல்லேல்லை, அம்புலன்ஸைக் கண்டிட்டு அந்தாள் தானாவே வந்தார். அது சரி, செத்த வீட்டுக்கு ஆர் சொல்லுறது? எட்டாம் நாள் எட்டுச் செலவு வரைக்கும் ஒவ்வொரு நாளும் வந்து எங்கட வாசலில ஸ்னோ தள்ளினார். மகன் கல்கரிக்குத் திரும்பிப் போனான், மகள் லண்டனுக்குப் போனா. அவை என்ன செய்யிறது, வேலை வெட்டி. பிறகு அந்த வீட்டுக்குள்ள நானும் பிரிட்ஜின்ர இரைச்சலும்தான். விசரே பிடிக்கும் போல இருக்கும், பிள்ளை. சுவருக்கு அங்கால அந்தாள் இருமினா, சரி, ஒரு சீவன் இருக்குது எண்டு மனம் ஆறும்.

அந்த மார்கழி எனக்கு ஒரு நிச்சயம் இருந்தது. இந்தமுறை கட்டாயம் கூப்பிடுவார் எண்டு. நான் தனிச்சுப் போனன் எண்டு தெரியும், அந்தாளுக்கும் ஆக்கள் குறைஞ்சு போச்சு. ஒருத்தர் செத்திட்டார், ஒருத்தர் மகளோட போயிட்டார், ஒருத்தருக்குக் கண் தெரியாது. முதல் நாள் ஸ்னோ தள்ளிக்கொண்டு நிண்டவர் என்னைக் கண்டிட்டுச் சொன்னார், "நாளைக்கு எங்கட சாமியின்ர நாள், மங்களா. கதவு திறந்துதான் இருக்கும்."

நானும் "சந்தோசம்" எண்டு சொல்லிப்போட்டு நிண்டன். இனி "வா" எண்டு சொல்லுவார், சொல்லுவார் எண்டு பாத்தால், அந்தாள் திரும்பித் தன்ர படியில இருந்து என்ர படி வரைக்கும் ஸ்னோவை வழிக்கத் தொடங்கிச்சுது. தன்ர ஆக்களின்ர கார் நிப்பாட்ட இடம் வேணுமாக்கும். கதவு திறந்து கிடந்தா நாய் பூனை போகும், பிள்ளை. மனிசர் கூப்பிட்டால்தான் போவினம்.

எண்டாலும் ஒரு நப்பாசை. விடிய எழும்பி உழுந்து அரைச்சன். கூப்பிட்டா வெறுங்கையோட போகக்கூடாதே. வடை சுட்டன். தலை தோய்ஞ்சு, இவர் போனாப் பிறகு தொடாமல் வைச்சிருந்த சாம்பல் பட்டுச் சீலையை எடுத்துக் கட்டினன். குத்துவிளக்கைக் கொளுத்தி வைச்சிட்டு, முன் அறையில, போனுக்குப் பக்கத்தில இருந்தன். கூப்பிட்டவுடன எழும்பி நடக்கிற மாதிரி. மத்தியானம் போச்சு. பின்னேரம் போச்சு. அங்கால மெழுகுதிரி எரியிறது யன்னலால ஸ்னோவில மஞ்சளா விழுந்து கிடந்தது. பொழுதுபட்டு அதுவும் நூந்து போச்சு. நான் சீலையைக் கழட்டி மடிச்சு வைச்சிட்டுச் சாப்பிடாமல் படுத்தன். என்னைப் பாத்துச் சிரியாதையும். அழேல்லை எண்டு சொல்லமாட்டன்.

அடுத்த நாள் விடிய மணி அடிச்சுது. அந்தாள்தான். அதே கோட்டுச் சூட்டு. ஒரு கோப்பையில கோதுமையும் பாண் துண்டும். "உனக்கு" எண்டு ரெண்டு கையாலயும் நீட்டினார்.

எப்பிடி இருக்கும் சொல்லும் பாப்பம்? நேற்றுக் கூப்பிடாத ஆள், இண்டைக்கு மிச்சம் மீதியைக் கொண்டு வந்து நிக்குது! நான் விடுவனோ? உள்ளுக்குப் போய் என்ர நேற்றைய வடையை எடுத்து வந்து குடுத்தன். நீ மிச்சம் தந்தா நானும் மிச்சம் தருவன். அந்த மனிசன் வடையை வாங்கி, கண்ணில ஒத்தி, கொஞ்சிப்போட்டுக் கொண்டுபோச்சுது. எனக்கு இன்னும் எரிச்சல். கோதுமையை நான் தொடேல்லை, பின்வளவில அணிலுக்குக் கொட்டினன்.

பிறகு ஒவ்வொரு வருசமும் இதே கூத்து. கூப்பிடமாட்டார். நான் பட்டுக் கட்டி, வடை சுட்டு, விளக்குக் கொளுத்திக் காத்திருப்பன். சரி, ஏன் காத்திருந்தனீங்கள் எண்டு கேளும். எனக்குத் தெரியாது. வருசத்தில ஒரு நாள் வெளிக்கிட்டு இருக்கலாம் எண்டோ என்னவோ. அங்கால சத்தம் வருசா வருசம் குறைஞ்சு வந்திட்டுது. கடைசியில ஒரு குரலும் இல்லை. நான் சுவரில காதை வைச்சுப் பாப்பன். சும்மா, அந்தாள் நல்லா இருக்குதோ எண்டு பாக்கத்தான். ஆக்கள் வராத வீட்டுக்கு ஒரு மேசை நிறையக் கோப்பை வைச்சு, எண்பத்தைஞ்சு வயசில விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் நிண்டுது அந்த மனிசன். அப்பவும், எட்டி ஒரு வார்த்தை, "மங்களா வா" எண்டு ஒரு வார்த்தை, வாயில வரேல்லை. அவ்வளவு தலைக்கனம்!

கடைசி வருசம் அடுத்த நாள் விடிய மணி அடிக்கேல்லை. நான் வடையை ஒரு கோப்பையில வைச்சுக்கொண்டு பாத்தன். ஆள் வரேல்லை. ஓகோ, இப்ப மிச்சமும் இல்லையோ எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. போய்த் தட்டேல்லை. அதுக்கடுத்த நாள் அம்புலன்ஸ் வந்தது. நாள் முழுக்க நிண்டு கால் வீங்கி, விழுந்து கிடந்தவராம். கோயில் ஆக்கள் வந்துதான் கண்டவை.

ஆஸ்பத்திரிக்குப் போகவேணும் எண்டுதான் இருந்தனான். கோவம் கொஞ்சம் ஆறட்டும் எண்டு பாத்தன். தைப்பொங்கல் முடியட்டும், குளிர் குறையட்டும் எண்டு பாத்தன். மாசி மாசம் அந்தாள் கண்ணை மூடிட்டார். அது என்ர பிழையோ? ஆருக்குத் தெரியும்?

செத்த வீட்டுக்கு ஒருதரும் சொல்லேல்லை. ஆனா போனன். அதுதானே முறை. அவையின்ர கோயில். சாம்பிராணிப் புகை எங்கட கோயில் மாதிரித்தான். எல்லாம் முடிஞ்சு மண்டபத்தில சாப்பாடு. ஒரு மூலையில அவற்ற படத்தை வைச்சு மெழுகுதிரி கொளுத்தியிருந்தவை. ஒரு பெடிச்சி கோப்பையோட வந்து எல்லாருக்கும் ஒரு கரண்டி குடுத்துக்கொண்டு வந்தது. பாத்தால் அந்தக் கோதுமை. சாவுக்கும் அதைத்தான் குடுப்பினமாம். வாங்கி வாயில வைச்சன். முதல்முறை. நல்லாத்தான் இருந்தது, பிள்ளை. சீனியும் அளவு, பதமும் அளவு.

பக்கத்தில ஒரு கிழவி வந்து இருந்துது. யெலிட்சா எண்டு பேர். புருசன் மிலொராட்டோட ஒரே காம்பில கிடந்தவர், ஒரே ஆலையில வேலை செய்தவர். முதல் எல்லா வருசமும் திருநாளுக்கு வாறவை. புருசன் செத்தாப் பிறகு கிழவிக்குக் கார் ஓடத் தெரியாது, வரேல்லை. "நீதான் மங்களாவோ?" எண்டு கேட்டுது. ஓம் எண்டன். எனக்கும் மனசில கிடந்தது அடங்கேல்லை. செத்த வீடு எண்டும் பாராமல் கேட்டுப்போட்டன், "பதினாறு வருசம் பக்கத்தில இருந்தனான், ஒருநாளாவது உங்கட திருநாளுக்கு என்னைக் கூப்பிட்டவரோ?" எண்டு.

கிழவி என்னைப் பாத்த பார்வையை என்னெண்டு சொல்ல. "ஸ்லாவாவுக்கு எங்கட ஆக்கள் கூப்பிடுறதில்லை" எண்டுது. "ஒருதரையும் கூப்பிடக் கூடாது. விருந்து எங்கட இல்லை, சாமியின்ர. கூப்பிட்டா அது சாமிக்கு அவமரியாதை. தெரிஞ்சவை தானாக வருவினம், வாறவைக்கு வீட்டுக்காரன் நிண்டு பரிமாறவேணும். கதவு திறந்திருக்கும் எண்டு சொல்லுறதே பெரிய வார்த்தை. அதைக்கூட எல்லாருக்கும் சொல்லமாட்டம்."

எங்கட வழக்கம் ஒண்டு, அவையின்ர வழக்கம் ஒண்டு. அதுக்கு நான் என்ன செய்யிறது? எனக்கு ஆர் சொன்னது? "அப்ப நான் வரேல்லை எண்டு அவருக்குக் கோவம் இருந்திருக்குமே?" எண்டு கேட்டன்.

"கோவமோ? இல்லை, இல்லை" எண்டுது கிழவி. "உனக்கும் அதே நாளில ஒரு திருநாள் எண்டு மிலொராட் சொன்னவன். பட்டு உடுத்து, விளக்கு வைச்சு, நடுவில ஓட்டை போட்ட பலகாரம் சுட்டு நீயும் காத்திருப்பியாம், படியில ஸ்னோ வழிக்கேக்க யன்னலால கண்டவனாம். அடுத்த நாள் அந்தப் பலகாரத்தை அவனுக்கும் குடுப்பியாம். திருநாளண்டு வீட்டுக்காரர் வெளிய போகக்கூடாதுதானே, அதாலதான் நீ இங்கால வரேல்லை, அவன் அங்கால வரேல்லை எண்டு சொன்னவன். ஒரு கவலைதான் அவனுக்கு. பாவம், அந்த மனிசியின்ர வீட்டுக்கு ஒரு சனமும் வாறேல்லை, எனக்கெண்டாலும் முந்தி வந்தவை எண்டு."

என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டிருக்குது, பிள்ளை! என்னை! ஆலையில வேலை செய்து, தனிக்கட்டையா நிண்ட கிழவன், ரெண்டு பிள்ளை பெத்த எனக்கு ஆள் இல்லை எண்டு கவலைப்பட்டிருக்குது. எனக்கு வந்த ரோசத்துக்கு எழும்பி வந்திருப்பன். கிழவி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை.

"உண்மையைச் சொல்லு" எண்டுது. "கடைசி முறையாவது உன்ர வீட்டுக்கு ஆரும் வந்தவையோ? ஆஸ்பத்திரியில கிடந்துகொண்டு அவன் போனில என்னட்ட இதைத்தான் கேட்டவன். சுவரில காதை வைச்சுப் பாத்தனான், ஒரு சத்தமும் இல்லை, தனியத்தான் இருந்திருக்கும் எண்டு சொல்லிச் சொல்லி அழுதவன்."

"வந்தவை" எண்டன். "வீடு நிறையச் சனம். இருக்கக் கதிரை காணாது" எண்டன்.

கிழவி கண்ணை மூடிச் சிலுவை போட்டுது. பிறகு கதிரையைப் பிடிச்சுப் பிடிச்சு எழும்பி, அவற்ற படத்துக்குக் கிட்டப் போய் நிண்டு, காது கேளாத ஆளுக்குச் சொல்லுற மாதிரிப் பெலத்துச் சொல்லிச்சுது. அவையின்ர பாசை எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. நடுவில என்ர பேர் வந்தது.